கடலுக்கு அடியில் ஓடும் ஓ.பி. சீட்டு!

சென்னையிலிருந்து அந்தமானுக்குக் கப்பலில் போனால் இரண்டரை நாள், மூன்று நாள் ஆகிவிடும். விமானம் என்றால் இரண்டு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூட. ஒரு பெண்ணின் மேமோகிராம் (மார்பக எக்ஸ்ரே) படம் அதே வங்கக் கடலைத் தாண்டும் வேகத்தைக் கேளுங்கள்: ஒளித்துடிப்பு ஒன்று அந்தக் கரையில் கிளம்பி இந்தக் கரையைத் தொட பத்து மில்லி செகண்டுகூட ஆகாது. நீங்கள் ஒருமுறை கண் சிமிட்டுவதற்குள் பலமுறை போய்த் திரும்பிவிடும். இதை முதன்முதலில் கணக்குப் போட்டுப் பார்த்தபோது என்னால் உட்கார முடியவில்லை. கண்ணாடி இழைக்குள் ஒளி செகண்டுக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் ஓடும் என்று பள்ளியில் படித்ததுதான். அந்த ஓட்டத்தில் ஒரு அக்காவின் உயிர் போய்வருகிறது என்று யாரும் சொல்லித்தரவில்லையே!

அந்த ஒளி ஓடுகிற பாதையின் பெயர் கேனி. சென்னை - அந்தமான் நிக்கோபார் கடலடிக் கேபிள். 2018 டிசம்பர் 30 அன்று போர்ட்பிளேரில் அடிக்கல், 2020 ஆகஸ்ட் 10 அன்று திறப்பு. நீளம் சுமார் 2,300 கிலோமீட்டர், செலவு சுமார் 1,224 கோடி ரூபாய். சென்னையில் கடலுக்குள் இறங்கி, போர்ட்பிளேரில் கரையேறி, அங்கிருந்து ஹேவ்லாக், லாங் ஐலண்ட், ரங்கத், லிட்டில் அந்தமான், கார் நிக்கோபார், கமோர்ட்டா, கிரேட் நிக்கோபார் என்று தீவு தீவாக எட்டிப் பார்க்கிறது. கேபிள் வந்த நேரத்தில் சினிமா தரவிறக்கம் பற்றியும் வீடியோ கால் பற்றியும் எல்லோரும் பேசினார்கள். எனக்கு அதற்குள் போகிற இன்னொரு சரக்கின் மேல்தான் கண்: ஒரு ஓ.பி. சீட்டு, நான்கு எக்ஸ்ரே படம், ஒரு டாக்டரின் பதில். வாங்க, திரைக்குப் பின்னால் போய்ப் பார்த்துவிடலாம்.

போவதற்கு முன் சில எண்கள். இவை கசப்பானவை, ஆனால் இவை தெரிந்தால்தான் பின்னால் வரும் குஷி ஏன் என்று புரியும். 2022-ல் இந்தியாவில் புதிதாக மார்பகப் புற்றுநோய் கண்ட பெண்கள் சுமார் 1,92,000 பேர். அதே ஆண்டில் அந்த நோயால் இறந்தவர்கள் சுமார் 98,000 பேர். நம் நாட்டின் புற்றுநோய்ப் பதிவேடுகளை வைத்துச் செய்த ஆய்வு, 2024-ல் வெளியானது, இன்னும் தெளிவாகச் சொல்கிறது. கட்டி மார்பகத்தோடு நின்றிருந்தபோது பிடிபட்டவர்களில் 81 சதவீதம் பேர் ஐந்தாண்டு தாண்டி உயிரோடு இருக்கிறார்கள். அக்குள் நெறிக்குப் பரவியிருந்தால் 65.5 சதவீதம். எலும்பு, நுரையீரல், கல்லீரல் என்று தூரத்துக்குப் போயிருந்தால் 18.3. மூன்று வரிசையும் அதே நோய்தான். வித்தியாசம் பெரும்பாலும் நாள்காட்டியில் இருக்கிறது.

தீவில் நாள்காட்டி என்றாலே கப்பல் அட்டவணை. தென்மேற்குப் பருவக்காற்று மூர்க்கமாக வீசுகிற மாதங்களில் அந்த அட்டவணையையும் நம்ப முடியாது. பிரசவச் சிக்கல், மாரடைப்பு என்றால் ஹெலிகாப்டருக்கு வழி தேடுவார்கள். மார்பில் வலிக்காத ஒரு கட்டிக்கு யார் ஹெலிகாப்டர் கேட்பார்கள்? "அடுத்த கப்பலுக்குப் பாத்துக்கலாம்" என்பார்கள். அடுத்த கப்பலுக்கு மகளின் பரீட்சை. அதற்கு அடுத்ததற்குத் திருவிழா. அரை வருஷம் ஓடிவிடும்.

சரி, கட்சாலில் ஓர் அக்காவை நினைத்துக்கொள்வோம். கற்பனை அக்காதான், ஆனால் அவர் நிற்கிற மண் நிஜம். நிக்கோபார் தீவுக்கூட்டத்தில் இருக்கிற கட்சாலில், ரப்பர்த் தோட்டத்தை நம்பி 1970-களில் குடியேறிய தமிழ்க் குடும்பங்கள் உண்டு. இலங்கையிலிருந்து தாயகம் திரும்பியவர்கள். 2004 சுனாமி இந்தத் தீவைப் படுத்திய பாடு கொஞ்சமல்ல. 2011 கணக்கெடுப்பின்படி அந்தமான் நிக்கோபாரின் 3.8 லட்சம் மக்களில் 15 சதவீதம் பேருக்குத் தாய்மொழி தமிழ். அதனால் இந்த அக்கா நம் சொந்தக்காரர் மாதிரி என்று நான் உரிமையோடு எடுத்துக்கொள்கிறேன்.

வீட்டுக்கு ஆஷா பணியாளர் வருகிறார். கையில் ஒரு படிவம். 30 வயது தாண்டிய எல்லோரிடமும் கேட்க வேண்டிய கேள்விகள் அதில் இருக்கின்றன. பெண்களுக்கான பகுதியில் மூன்று கேள்வி மார்பைப் பற்றியவை: கட்டி ஏதாவது தட்டுப்படுகிறதா, காம்பிலிருந்து ரத்தம் கலந்த நீர் வருகிறதா, வடிவமோ அளவோ மாறியிருக்கிறதா. மூன்றே மூன்று! ஸ்கேன் கிடையாது, கம்ப்யூட்டர் கிடையாது. வாசற்படியில் உட்கார்ந்து, அரிசி புடைத்துக்கொண்டே பதில் சொல்லிவிடலாம். நம் அக்கா முதல் கேள்விக்குக் கொஞ்சம் தயங்குகிறார். அந்தத் தயக்கத்தைப் பிடித்துக்கொள்ளத் தெரிந்த ஆஷாதான் இந்தக் கதையின் முதல் கதாநாயகி.

"எப்ப இருந்துக்கா?"

"ஒரு ரெண்டு மாசமா... வலியெல்லாம் இல்ல."

"வலி இல்லாட்டியும் சிஸ்டர் ஒருதரம் பாத்துரட்டும். நாளைக்கே போவோம், நானும் கூட வர்றேன்."

விரல்களின் வித்தை

இனி நான் அதிகம் சொக்கிப்போகிற இடம். சிஸ்டரின் கை.

மார்பகப் பரிசோதனை என்றால் ஏதோ அமுக்கிப் பார்ப்பது என்று நினைத்திருந்தால், உடனே மாற்றிக்கொள்ளுங்கள். அது அத்தனை ஒழுங்கான வேலை. நடுவிரலும் அதன் இருபக்க விரல்களும் சேர்ந்து மூன்று விரல். நுனியால் தொடக் கூடாது, விரல் மெத்தையால் தொட வேண்டும். ஒவ்வொரு இடத்திலும் ஒரு சின்ன வட்டம், அந்த வட்டத்தையே மூன்று அழுத்தத்தில்: முதலில் தோலுக்கு அடியில் மட்டும் தெரிகிற மாதிரி மெல்ல, அடுத்து நடு ஆழம், கடைசியாக விலா எலும்பு உணர்கிற வரை. கை எடுக்காமல் நகர்ந்து அடுத்த வட்டம். அக்குளுக்குக் கீழிருந்து தொடங்கி மேலும் கீழுமாகப் பட்டை பட்டையாக, காறை எலும்பிலிருந்து மார்பகத்தின் அடிமடிப்பு வரை, நெஞ்செலும்பு வந்து சேரும் வரை. அதன் பிறகு அக்குள், கழுத்துப் பள்ளம். அவசரமில்லாமல் செய்தால் ஒரு பக்கத்துக்குச் சில நிமிடம் ஆகும். பிசைந்த மாவுக்குள் ஒரு புளியங்கொட்டை கிடந்தால் விரலுக்கு எப்படித் தெரியும், அப்படி ஒரு கெட்டித்தனத்தைத் தேடுகிறது அந்தக் கை.

இந்தக் கையை நம்பலாமா? மும்பை டாடா மெமோரியல் மருத்துவமனை இந்தக் கேள்வியை இருபது வருஷம் துரத்தியது! 1998-ல் தொடங்கினார்கள். மும்பையின் குடிசைப் பகுதிகளில் 35 முதல் 64 வயது வரையுள்ள 1,51,538 பெண்கள். பாதிப் பேருக்கு, மருத்துவப் பட்டம் இல்லாத, நன்றாகப் பயிற்சி பெற்ற பெண் பணியாளர்கள் இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை கையால் பரிசோதனை செய்தார்கள். டாக்டர் இந்திரநீல் மித்ராவும் அவரது குழுவும் 2021-ல் முடிவை வெளியிட்டார்கள். கைப்பரிசோதனை நடந்த பகுதியில் முற்றிய நிலையில் பிடிபட்டவர்கள் 37 சதவீதம். நடக்காத பகுதியில் 47. 50 வயதும் அதற்கு மேலும் உள்ள பெண்களிடம் இந்த நோயால் வரும் மரணம் ஏறக்குறைய 30 சதவீதம் குறைந்திருந்தது. 50-க்குக் கீழே அந்த அளவு பலன் தெரியவில்லை என்பதையும் அவர்களே எழுதியிருக்கிறார்கள். மேமோகிராம் இயந்திரம் இல்லாத ஊருக்கு இதைவிட நல்ல சேதி உண்டா? கட்சாலில் இயந்திரம் இல்லாமல் இருக்கலாம். விரல் இருக்கிறதே!

நம் சிஸ்டரின் விரல் ஓரிடத்தில் நிற்கிறது. திரும்ப வட்டமிடுகிறது. இப்போது அவர் எழுதுகிற குறிப்பைப் பாருங்கள், எனக்கு இதைப் படிக்கும்போதெல்லாம் சிலிர்க்கும்: "இடது, 2 மணி, காம்பிலிருந்து 4 செ.மீ., சுமார் ஒன்றரை செ.மீ., கெட்டி, ஓரம் ஒழுங்கில்லை, நகர்வது குறைவு, தோல் சாதாரணம், அக்குள் நெறி இல்லை." அதென்ன 2 மணி? மார்பகத்தின் மேல் ஒரு கடிகார முகப்பை வைத்து, காம்பை நடு முள்ளாக எடுத்துக்கொண்டு திசை சொல்வது. உலகம் முழுக்க மார்பக டாக்டர்கள் இப்படித்தான் பேசிக்கொள்கிறார்கள். கட்சால் சிஸ்டர் "2 மணி, 4 செ.மீ." என்று எழுதினால், அடையாற்றில் இருக்கிற ரேடியாலஜிஸ்ட் ஸ்கேனில் நேராக அந்த இடத்தில் போய் நிற்பார். இந்த ஒரு வரிக் குறிப்பு சில பைட் கனம்தான். கேபிளே இல்லாத காலத்தில் தந்தியில்கூட அனுப்பியிருக்கலாம்!

திரை விலகுகிறது, சீலை மூடுகிறது

அக்காவும் ஆஷாவும் படகேறி, கேபிள் எட்டும் கமோர்ட்டாவின் சமுதாய சுகாதார நிலையத்துக்கு வருகிறார்கள். இங்கேதான் இ-சஞ்சீவனி. மத்திய அரசின் தொலைமருத்துவச் சேவை, மொஹாலியில் உள்ள சி-டாக் நிறுவனம் எழுதிய மென்பொருள். 2019-ல் சுகாதார நிலையங்களுக்கு வந்தது. 2020 ஏப்ரலில், ஊரடங்கு நடுவே, வீட்டிலிருந்தே டாக்டரைப் பார்க்கும் வடிவமும் சேர்ந்தது. 2023 தொடக்கத்திலேயே பத்துக் கோடி ஆலோசனையைத் தாண்டிவிட்டது. நோயாளிக்குக் கட்டணம் கிடையாது.

இதில் இரண்டு விதம் உண்டு. நோயாளி தன் போனிலிருந்தே டாக்டரை அழைப்பது ஒன்று. நோயாளியோடு ஒரு சுகாதாரப் பணியாளர் உட்கார்ந்து, மறுமுனையில் இருக்கும் டாக்டரோடு பேசுவது இன்னொன்று. மார்பகக் கட்டிக்கு இரண்டாவதுதான் சரி என்று நான் அடித்துச் சொல்வேன். போனில் தனியாகப் பேசுகிற அக்கா "கட்டி மாதிரி இருக்கு டாக்டர்" என்பதோடு நின்றுவிடுவார். பக்கத்தில் சிஸ்டர் இருந்தால் "2 மணி, 4 செ.மீ." வருகிறது. டாக்டர் "அக்குளை இன்னொருதரம் பாருங்க, கையைத் தளர்த்தச் சொல்லிட்டுப் பாருங்க" என்றால், அங்கேயே, அப்போதே, பார்த்துப் பதில் சொல்ல முடிகிறது. டாக்டரின் கண்ணும் காதும் போர்ட்பிளேரில் இருக்க, விரல் மட்டும் கமோர்ட்டாவில்!

இன்னொரு நுணுக்கம். 2020 மார்ச் 25 அன்று வெளிவந்த தொலைமருத்துவ வழிகாட்டு நெறிமுறைகளில், நோயாளியே அழைத்தால் சம்மதம் தானாகவே கொடுத்ததாக எடுத்துக்கொள்ளலாம், பணியாளர் அழைத்தால் நோயாளியிடம் தெளிவாகக் கேட்டு வாங்க வேண்டும் என்று இருக்கிறது. சின்ன வரிதான். ஆனால் மார்பைக் காட்ட வேண்டிய பெண்ணுக்கு அதைவிடப் பெரிய வரி இல்லை. "அக்கா, கேமரா உங்க மூஞ்சிய மட்டும்தான் பாக்குது. தோல்ல மாற்றம் இருந்தா மட்டும், நீங்க சரின்னா மட்டும், அந்த இடத்த ஒரு நிமிஷம் காட்டுவோம். அப்புறம் மூடிருவேன்" என்று சிஸ்டர் சொல்லி, கதவைச் சாத்தி, சீலையை இழுத்துவிட்ட பிறகுதான் அழைப்புப் பொத்தான். நல்ல நிலையங்களில் இதுதான் வரிசை. எங்கெல்லாம் இந்த வரிசை தலைகீழாகிறதோ அங்கெல்லாம் பெண்கள் அடுத்த முறை வரமாட்டார்கள்.

டாக்டர் கேட்பது சொற்பம். வயது என்ன, மாதவிடாய் நின்றுவிட்டதா, கட்டி மாதத்துக்கு மாதம் பெருத்துச் சுருங்குகிறதா, குடும்பத்தில் யாருக்காவது மார்பகமோ சூலகமோ புற்றுநோய் உண்டா. இருபது சொச்சம் வயதுப் பெண்ணுக்கு வழுக்கி வழுக்கி ஓடும் உருண்டைக் கட்டி என்றால், பெரும்பாலும் சாதாரணக் கட்டி. ஸ்கேனில் உறுதி செய்துகொள்ளலாம், பதறத் தேவையில்லை. மாதவிடாய்க்கு முன் கனத்து அப்புறம் இளகுவது என்றால், முடிந்த பிறகு மறுபடி தொட்டுப் பார்க்கச் சொல்வார். மாதவிடாய் நின்ற பெண்ணுக்குப் புதிதாகக் கெட்டிக் கட்டி என்றால், ஒரு நாள்கூடக் கடத்தாமல் அடுத்த கட்டம்.

தொலைமருத்துவத்தின் முழு மகிமையும் இந்த இடத்தில்தான் இருக்கிறது என்பேன். மார்பில் தட்டுப்படும் கட்டிகளில் பெரும்பாலானவை புற்றுநோயே அல்ல. முன்பெல்லாம் இரண்டு தரப்பும் ஒரே கப்பலில் ஏறின, அல்லது இரண்டு தரப்பும் ஏறாமலே இருந்தன. பயப்பட வேண்டாதவர் நகையை அடகு வைத்துச் சென்னை போய், "ஒண்ணுமில்லம்மா" என்று கேட்டுத் திரும்புவார். அந்தக் கடனைப் பார்த்த பக்கத்து வீட்டுக்காரர், பயப்பட வேண்டியவர், வாயே திறக்கமாட்டார். கப்பலேற வேண்டியவர் யார், வேண்டாதவர் யார் என்று கமோர்ட்டாவிலேயே பிரித்துச் சொல்லிவிடுகிற அந்தப் பத்து நிமிடம்தான் விஷயம். புற்றுநோயை முதலில் பிடிப்பது விரல். நேரத்தையும் பணத்தையும் மிச்சம் பிடிப்பது திரை.

இருட்டறையில் நான்கு படம்

நம் அக்கா கப்பலேற வேண்டியவர். ஆனால் இந்த முறை வெறுங்கையோடு போகவில்லை. போர்ட்பிளேரில் எந்த நாள் ஸ்கேன், எந்த நாள் ஊசிச் சதைப் பரிசோதனை என்று பேசி வைத்துவிட்டுப் போகிறார்.

மேமோகிராமில் ஒவ்வொரு மார்புக்கும் இரண்டு படம், மொத்தம் நான்கு. மேலிருந்து கீழாக ஒன்று, சாய்வாக அக்குள் வரை பிடித்து ஒன்று. அமுக்கும்போது கொஞ்சம் வலிக்கும், சில விநாடிதான். அந்த நான்கு படம் மெயின்லாண்டில் ஒரு ரேடியாலஜிஸ்டின் திரைக்குப் போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த அறைக்குள் எட்டிப் பார்த்தால் விளக்கை அணைத்து வைத்திருப்பார்கள்! மங்கிய சாம்பலில் வெள்ளைப் பொடிப் புள்ளி தேட வேண்டுமே. திரையும் சாதாரணத் திரை அல்ல, ஐந்து மெகாபிக்சல். இடது படத்தையும் வலது படத்தையும் முதுகோடு முதுகு ஒட்டி வைப்பார்கள். இரண்டு பக்கமும் ஒன்றுக்கொன்று பிரதிபலிப்பாக இருக்க வேண்டும். எங்கே ஒத்துப்போகவில்லையோ அங்கே கண் போய் நிற்கும். கடைசியில் 0 முதல் 6 வரை ஒரு எண். 3 என்றால் புற்றுநோயாக இருக்கும் வாய்ப்பு 2 சதவீதத்துக்கும் குறைவு, ஆறு மாதத்தில் மறுபடி பார்க்கலாம். 5 என்றால் 95 சதவீதத்துக்கும் மேல். ஆயிரம் மைல் பயணித்த ஒரு பெண்ணின் கவலை ஒற்றை இலக்கத்தில் வந்து நிற்கிறது.

ஊசிச் சதையில் இன்னும் ருசிகரமான ரகசியம் ஒன்று. எடுத்த சதைத்துண்டை உடனே ஃபார்மலினில் போட வேண்டும். கட்டிக்கு எந்த மருந்து பலிக்கும் என்று சொல்லும் ஹார்மோன் ஏற்பி, ஹெர்-2 சோதனைகள் ஒழுங்காக வர, அது ஃபார்மலினில் 6 மணி நேரத்துக்குக் குறையாமலும் 72 மணி நேரத்துக்கு மிகாமலும் ஊற வேண்டும் என்பது சர்வதேச விதி. 72 மணி என்றால் மூன்று நாள். சென்னைக் கப்பல் எவ்வளவு நேரம் எடுக்கும்? அதே இரண்டரை, மூன்று நாள்! காற்று கொஞ்சம் மாறினால் கணக்கு தவறிவிடும். அதனால் பாட்டிலோடு சதையைக் கப்பலில் அனுப்புவது புத்திசாலித்தனமில்லை. தீவிலேயே மெழுகுக் கட்டியாக மாற்றிவிட்டால் அப்புறம் எத்தனை நாள் பயணித்தாலும் கெடாது. கண்ணாடித் தகட்டில் சீவி, ஸ்கேனரில் படமாக்கினால் பயணமே வேண்டாம். ஒரு தகடு ஒரு ஜிபி, சில சமயம் அதற்கு மேலும் கனக்கும். அந்தக் கனத்துக்குத்தான் கேபிள்.

இந்தக் கேபிளுக்கு ஓர் அண்ணன் இருந்தான், அவனை மறக்கக் கூடாது. 2002-லேயே இஸ்ரோ, போர்ட்பிளேர் ஜி.பி. பந்த் மருத்துவமனையைச் சென்னை போரூர் ஸ்ரீ ராமச்சந்திரா மருத்துவமனையோடு இன்சாட் செயற்கைக்கோள் வழியாக இணைத்தது. நாட்டின் முதல் தொலைமருத்துவ இணைப்புகளில் ஒன்று! 2004 சுனாமிக்குப் பிறகு அந்தத் தட்டு ஆன்டெனாக்கள் தீவுகளுக்கு எத்தனை கைகொடுத்தன. செயற்கைக்கோள் 36,000 கிலோமீட்டர் உயரத்தில் இருப்பதால், ஒரு கேள்வி மேலே ஏறிக் கீழே இறங்கவே கால் செகண்ட், பதில் வர இன்னொரு கால் செகண்ட். இருவர் பேசும்போது ஒருவர் மேல் ஒருவர் மோதிக்கொள்வார்கள். இன்றைக்கு அக்கா "ம்" கொட்டினால் டாக்டருக்கு அப்போதே கேட்கிறது.

பணம், பணம், பணம்

இதைப் பேசாமல் குஷிப்படுவது நியாயமில்லை. தீவுக் குடும்பத்துக்குப் புற்றுநோயின் செலவு மருந்துக் கடையில் தொடங்குவதில்லை, டிக்கெட் கவுண்டரில் தொடங்குகிறது. நோயாளிக்கு டிக்கெட், துணைக்கு ஒருவருக்கு டிக்கெட், சென்னையில் வாடகை அறை, துணையாளின் போன கூலி, வீட்டில் விட்டு வந்த பிள்ளைகளைப் பார்க்க ஓர் ஆள். டெலிமெடிசின் இந்தப் பட்டியலைத்தான் சுருக்குகிறது.

கீமோ எடுத்துக்கொள்ளுங்கள். பல மருந்துக் கலவைகள் 21 நாளுக்கு ஒருமுறை. ஒவ்வொரு சுற்றுக்கும் முன் ரத்த அணுக்கள் எண்ணிக்கை பார்க்க வேண்டும். அதைத் தீவிலேயே எடுத்து, அறிக்கையை ஏற்றி, "கொடுக்கலாம்" என்று டாக்டர் திரையில் சொன்ன பிறகு புறப்பட்டால், "கவுண்ட் இல்லம்மா, அடுத்த வாரம் வாங்க" என்று திருப்பி அனுப்பப்படும் கொடுமை இல்லை. மருந்து ஏறிய ஏழாம் நாளிலிருந்து பதினான்காம் நாள் வரை வெள்ளை அணுக்கள் அடிமட்டத்தில் இருக்கும். அந்த நாள்களில் 100.4 டிகிரி காய்ச்சல் வந்தால் கஷாயம் வைத்துக் காத்திருக்கக் கூடாது, உடனே மருத்துவமனை. இதை நள்ளிரவில் யாரைக் கேட்பது என்று முன்கூட்டியே ஓர் எண் கையில் இருப்பது எவ்வளவு பெரிய தைரியம்!

கதிர்வீச்சிலும் கொண்டாட ஒன்று இருக்கிறது. முன்பு ஐந்து வாரம், சென்னையில் தங்கித் தினமும் போய்வர வேண்டும். பிறகு மூன்று வாரமானது. 2020-ல் பிரிட்டனின் ஃபாஸ்ட்-ஃபார்வர்ட் ஆய்வு, தகுதியான நோயாளிகளுக்கு ஒரே வாரத்தில் ஐந்து முறை கொடுத்தாலும் ஈடான பலன் என்று காட்டியது. கொல்கத்தா டாடா மெடிக்கல் சென்டரும் இதே ஒரு வாரக் கணக்கைச் சோதிக்க ஓர் ஆய்வை நடத்தியது. நகரத்துக்காரருக்கு இது வசதி. தீவுக்காரருக்கு நான்கு வார அறை வாடகை மிச்சம்!

மருந்து விலையும் அசைந்திருக்கிறது. ஹெர்-2 வகைக் கட்டிக்கான டிராஸ்டுசுமாப் மருந்தின் இந்தியப் பதிப்பைப் பயோகான் 2014-ல் கொண்டுவந்தது. 300-க்கும் மேற்பட்ட புற்றுநோய் மையங்கள் சேர்ந்த தேசியப் புற்றுநோய்க் கூட்டமைப்பு 40 மருந்துகளை மொத்தமாகப் பேரம் பேசி வாங்கி, 1,320 கோடி ரூபாய் மிச்சம் பிடித்தது. சராசரியாக 82 சதவீதம் குறைவு! தனித்தனி மருத்துவமனையாகக் கேட்டபோது கிடைக்காத விலை, ஒன்றாக நின்று கேட்டதும் கிடைத்தது. அதே கூட்டமைப்பு, சிக்கலான நோயாளிகளைப் பற்றி அறுவை, கீமோ, கதிர்வீச்சு நிபுணர்கள் வீடியோவில் கூடி முடிவெடுக்கும் குழுக்களையும் நடத்துகிறது. கட்டணம் கட்டி ஐந்து பேரிடம் தனித்தனியாக அலைய வேண்டியதில்லை.

இன்னொன்றைச் சொல்லாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. டாடா மெமோரியலில் டாக்டர் ராஜேந்திர பட்வே குழு, அறுவைக்கு ஏழு முதல் பத்து நிமிடம் முன்பு கட்டியைச் சுற்றி லிக்னோகெய்ன் ஊசி போட்டுப் பார்த்தது. பல் பிடுங்கும்போது போடுகிற அதே மரப்பு மருந்து! 1,583 பெண்களிடம் நடந்த ஆய்வு, 2023-ல் வெளியானது. ஐந்தாண்டு உயிர் வாழ்ந்தவர்கள் 86.4 சதவீதத்திலிருந்து 90.1 சதவீதமானார்கள். செலவு சில்லறைக் காசு. இந்த மாதிரி ஒரு குறிப்பு போர்ட்பிளேரில் இருக்கிற அறுவை மருத்துவரை எட்ட விமானம் ஏற வேண்டாம். ஒரு வீடியோ கூட்டம் போதும்.

மருத்துவமனைக் கட்டணத்துக்கு ஆயுஷ்மான் பாரத் திட்டம், 2018 செப்டம்பர் 23-ல் தொடங்கியது. தகுதியுள்ள குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை. 2024 முதல் 70 வயது தாண்டிய எல்லோருக்கும். தீவில் வாங்கிய அட்டை சென்னையிலும் கொல்கத்தாவிலும் செல்லும், அந்த மருத்துவமனை திட்டத்தில் இருக்க வேண்டும் அவ்வளவுதான். கப்பலேறும் முன்பே அதைக் கேட்டு உறுதி செய்துவிடுங்கள். பாதி அலைச்சல் இந்த ஒரு கேள்வியில் தீரும். அடையாறு புற்றுநோய் மருத்துவமனையை டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1954-ல் தொடங்கியதும், டாக்டர் சாந்தா தன் ஆயுளையே அதற்குக் கொடுத்ததும், காசில்லாதவருக்கும் கதவு திறந்திருக்க வேண்டும் என்றுதான்.

இத்தனைக்கும் நடுவே நெஞ்சில் உறுத்துவது ஒன்று உண்டு. கேபிள் எட்டாத தீவுகள் இருக்கின்றன. கேபிள் எட்டிய தீவிலும் மின்சாரம் போனால் திரை கறுப்பு. உலக சுகாதார நிறுவனம் 2021-ல் வைத்த இலக்கு மூன்று: பத்தில் ஆறு பேருக்காவது நோய் முதல் இரண்டு கட்டத்துக்குள் பிடிபட வேண்டும், டாக்டரிடம் வந்த 60 நாளுக்குள் என்ன நோய் என்று தெரிய வேண்டும், பத்தில் எட்டுப் பேர் சிகிச்சையை முழுதாக முடிக்க வேண்டும். நடுவில் இருக்கிற அந்த 60 நாள், தீவைப் பொறுத்தவரை கப்பல், மின்சாரம், ஃபார்மலின், படகு எல்லாம் ஒத்துழைத்தால்தான் நடக்கும். ஒவ்வொரு சுகாதார நிலையத்துக்கும் பேட்டரி, ஒவ்வொரு சிஸ்டருக்கும் ஆண்டுதோறும் கைப்பயிற்சி, சீலை கட்டிய ஓர் அறை: இதை நிர்வாகம் செய்தே தீர வேண்டும். இது பெரிய செலவு இல்லை.

நம் அக்காவின் கட்டி ஒன்றரை செ.மீ., அக்குளில் நெறி இல்லை, ஹார்மோன் ஏற்பி உண்டு, ஹெர்-2 இல்லை என்று வைத்துக்கொள்வோம். அறுவை முடிந்தது, ஒரு வாரக் கதிர்வீச்சு முடிந்தது, கட்சால் வந்தாயிற்று. இனி தினம் ஒரு டமாக்ஸிஃபன் மாத்திரை, ஐந்து வருஷம், சிலருக்குப் பத்து வருஷம். பழைய மருந்து, விலை குறைவு, பெயர்போன பலன். எரிச்சல் என்னவென்றால் வேர்த்து வேர்த்து வருகிறது என்று பலர் நடுவில் நிறுத்திவிடுகிறார்கள், டாக்டரிடம் சொல்வதுமில்லை. அங்கேதான் மூன்று மாதத்துக்கு ஒரு வீடியோ அழைப்பு. "வேர்க்குதா? சரி, நிறுத்தாதீங்க, ராத்திரியில சாப்ட்டுப் பாப்போம். மாதவிடாய் நின்னப்புறம் ரத்தம் பட்டா மட்டும் உடனே சொல்லுங்க" என்று டாக்டர் தமிழிலேயே பேசுகிறார். சிஸ்டர் மறுபடி மூன்று விரலால் இரண்டு பக்கமும் பார்த்து, "தழும்பு நல்லா இருக்கு, புதுசா ஒண்ணுமில்ல டாக்டர்" என்று சொல்கிறார். அக்கா கப்பல் டிக்கெட் வாங்க வேண்டியது வருஷத்துக்கு ஒரு மேமோகிராமுக்கு மட்டும்.